ஃபய்யூம் பாலையில் ஒரு பழங்கானகம்

மிஸ்ர் நாடு என்றதும் நம் இல்லங்களில் நினைவுக்கு வருபவை நைல் நதியும், ஃபிர்அவ்னின் ஆணவமும், அல் அஸ்ஹரின் கல்விப் புகழுமே. அந்நாட்டின் தலைநகரான கெய்ரோவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் ஃபய்யூம் என்னும் பசுமை நிலம் உண்டு. நைலின் நீரை அங்கே கொண்டு செல்லும் கால்வாயின் பெயர் பஹ்ர் யூசுஃப். நபி யூசுஃப் (அலை) அவர்களே அதை வெட்டுவித்தார்கள் என்பது அம்மக்களின் நெடுநாளைய வழக்கு. அந்நீர் சென்று சேரும் ஏரிக்கோ காரூன் ஏரி என்று பெயர். செல்வச் செருக்கால் மண்ணுக்குள் புதையுண்ட காரூனை அவ்வேரியோடு சேர்த்துச் சொல்வாரும் உளர். இவை செவிவழிச் செய்திகள். ஆனால் ஏரிக்கு வடக்கே மண்ணுக்குள் புதையுண்டு கிடக்கும் வேறொரு செல்வத்துக்குச் சான்றுகள் ஏராளம்.

அவ்விடத்தை ஜபல் கத்ரானி என்பர். கத்ரான் என்றால் அரபியில் தார். மலையின் உச்சியில் உறைந்த எரிமலைக் குழம்பு கரும்பாறையாகக் கவிந்திருப்பதைப் பார்ப்பவருக்கு இப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். பிரமிடுகள் எழுந்த காலத்தில் இக்கரும்பாறையை வெட்டியெடுத்துக் கோயில் தளங்களுக்குப் பரப்பினார்கள். கல்லை இழுத்துச் செல்ல அவர்கள் பாவிய பாதை, உலகின் மிகப் பழைய கற்பாதைகளுள் ஒன்றாக இன்றும் அப்பாலையில் கிடக்கிறது. அப்பணியாளர்களின் காலடியில் எத்தனை எலும்புகள் மிதிபட்டனவோ!

கரும்பாறைக்குக் கீழே மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக ஏறத்தாழ 350 மீட்டர் கனத்துக்கு அமைந்துள்ளன. சுமார் 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கும் 3 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அது. இன்று புல்லும் முளைக்காத அந்நிலம் அன்று வெப்பமும் ஈரமும் மிக்க அடர்கானகம். சதுப்பு நிலங்களும் மெல்ல நகரும் ஆறுகளும் நிறைந்த கடற்கரைச் சமவெளி. ஆப்பிரிக்கா அப்போது பிற கண்டங்களிலிருந்து கடலால் பிரிக்கப்பட்ட பெருந்தீவு. ஆகவே அங்கு வாழ்ந்த பாலூட்டிகளுள் பல, வேறெங்கும் காணாத உருவங்கள் கொண்டவை.

அவற்றுள் வியப்புக்குரியது ஆர்சினோயிதீரியம். காண்டாமிருகம் போன்ற பருமன்; மூக்கின் மேல் அருகருகே இரண்டு பிரமாண்டமான கொம்புகள்; கண்களுக்கு மேலே இரண்டு சிறு கொம்புகள். காண்டாமிருகத்தின் கொம்பு மயிர், நகம் ஆகியவற்றின் பொருளால் ஆனது. இதன் கொம்போ உள்ளே வெறுமையான எலும்பு. தோற்றத்தில் ஒத்திருப்பினும், உறவு முறையில் இது யானைக்கும் கடற்பசுவுக்கும் நெருக்கமானது. யானையின் பழைய உறவினங்களும் அங்கே இருந்தன. குட்டையான கால்களுடன் பாதி வாழ்நாளை நீரில் கழித்த மோரிதீரியத்துக்குத் தும்பிக்கையே இல்லை. ஃபியோமியாவுக்குக் குறுந்தும்பிக்கையும், மண்வெட்டி போல் நீண்ட கீழ்த்தந்தங்களும் உண்டு. மரங்களில் வாழ்ந்த ஈஜிப்டோபித்தேக்கஸ் என்னும் குரங்கின் எடை ஏழு கிலோவை எட்டாது. பழைய உலகக் குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் கிளைத்த மூலத்துக்கு அருகில் அதனை வைத்து ஆய்கின்றனர். சற்றுத் தொலைவில் உள்ள வாதி அல் ஹீத்தானில் பின்னங்கால்கள் கொண்ட திமிங்கிலங்கள் கிடக்கின்றன. அவை இன்னும் பழைய பாறைகளைச் சேர்ந்தவை, தனியே எழுத வேண்டிய கதை.

இப்புதையலின் வரலாறு நெஞ்சை உறுத்துவது. 1898 முதல் இந்நிலத்தை அளந்தவர் ஆங்கிலேயரான பீட்னெல். 1901 முதல் லண்டன் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூஸ் வந்தார். 1907-இல் அமெரிக்காவிலிருந்து ஆஸ்பார்ன் ஒட்டக வரிசையுடன் வந்தார். மண்ணைத் தோண்டியவர்கள் மிஸ்ரின் உழைப்பாளிகள். பெட்டி பெட்டியாக எலும்புகள் போய்ச் சேர்ந்ததோ லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஜெர்மானிய நகரங்களுக்கும். விலங்குகளுக்குச் சூட்டிய பெயர்களில் கிரேக்க அரசி ஆர்சினோ இருக்கிறாள். ஜெர்மானியப் பேரறிஞர் சிட்டெல் இருக்கிறார். மண்வெட்டி பிடித்தவன் பெயரை நான் தேடிப்பார்த்தேன், இல்லை.

1961 முதல் பல பத்தாண்டுகள் இங்கே உழைத்த அமெரிக்கர் எல்வின் சைமன்ஸ் கையாண்ட முறை சுவையானது. பாலையின் மேற்பரப்பில் சரளைக்கற்கள் மூடிபோல் படிந்திருக்கும். அம்மூடியைப் பெருக்கி அகற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். ஆண்டு முழுவதும் வீசும் காற்று மென்மணலை வாரிச் செல்லும். அடுத்த பருவத்தில் வந்து பார்த்தால், எலிப்பல் அளவேயான நுண்ணெலும்புகளும் சேதமின்றி வெளியே தலைகாட்டிக் கொண்டிருக்கும். கூலி கேட்காத வேலையாள் அந்தக் காற்று.

2010-இல் மன்சூரா பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பிகளின் புதைபடிவ ஆய்வு மையத்தை ஹிஷாம் ஸல்லாம் தொடங்கிய பின்னர் நிலை மாறியது. 2020-இல் அவருடைய குழு ஜபல் கத்ரானியில் நாட்கணக்கில் அகழ்ந்து, பணியை முடிக்கவிருந்த வேளையில், ஒருவர் மண்ணில் பெரிய பற்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். அகழ்ந்தபோது கிடைத்தது 3 கோடி ஆண்டுப் பழமையான ஊனுண்ணியின் ஏறக்குறைய முழுமையான மண்டையோடு. சிறுத்தையின் பருமன் கொண்ட அவ்விலங்கு, இன்று வாரிசே இல்லாத ஹையனோடான் கூட்டத்தைச் சேர்ந்தது. 2025-இல் அதற்குப் பாஸ்டெட்டோடான் எனப் பெயரிட்டு ஆய்வுரையை வெளியிட்டார்கள்; தலைமை ஆசிரியர் மன்சூராவின் ஆய்வாளரான ஷுரூக் அல் அஷ்கர் என்னும் பெண்மணி. ஐரோப்பியப் பிரிவு ஒன்றோடு நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்து எண்ணப்பட்ட பழைய எலும்புகளையும் அவர் மீண்டும் ஆராய்ந்து, அவை ஆப்பிரிக்காவுக்கே உரிய தனி இனம் என நிறுவினார்.

அதே அம்மையார் 2021-இல் அம்மலையின் மிகச் சிறிய கொறிவிலங்கு ஒன்றையும் விவரித்திருந்தார். அதன் முதற்பெயர் மலையின் பெயரிலிருந்து வந்தது: கத்ரானிமிஸ். இரண்டாம் பெயருக்கு அரசியையோ தேவதையையோ அவர்கள் தேடவில்லை. மிஸ்ரின் தெருப்பேச்சில் சின்னஞ்சிறியவனை அழைக்கும் 'ஸஃப்ரூத்' என்ற சொல்லையே எடுத்துச் சூட்டிவிட்டார்கள்.