இரண்டாவது பற்றரி தனியாக இருக்கட்டும்

பதுளையில் கடலும் இல்லை, பாய்மரப் படகும் இல்லை. ஆனாலும் படகுக்காரர்களின் பழக்கம் ஒன்று ஊவாத் தோட்டங்களுக்கு உதவும். நெடுந்தூரம் போகும் பாய்மரப் படகில் பெரும்பாலும் இரண்டு பற்றரிகள் இருக்கும். விளக்கும் குளிர்ப்பெட்டியும் ஒன்றைத் தின்று தீர்க்கலாம். எஞ்சினைக் கிளப்ப வைத்திருக்கும் மற்றதில் கை வைக்க முடியாது.

லயத்துக் கணக்கு வேறு. இஸ்தோப்பு மூலையில், பலகைமேல் ஒரு பழைய வாகன பற்றரி. முனைகளில் வெள்ளை பூத்திருக்கும். பல்ப், டிவி, போன் எல்லாம் அதிலிருந்துதான். போதாவிட்டால் இன்னொன்றைக் கொண்டுவந்து, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கிவிடுவார்கள்.

இப்படிச் சேர்ப்பதால் பற்றரி பெரிதாகிறதே தவிர, கையிருப்பு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. நாடகம் முடிவதற்குள் இரண்டும் ஒன்றாகவே படுத்துவிடும். ஒன்று பழையது, மற்றது புதியது என்றால், நலிந்தது நல்லதையும் கெடுத்துவிடும்.

கணக்கைப் பார்க்கலாம். 12 வோல்ட், 40 அம்பியர்-மணி பற்றரியில் இருப்பது 480 வாட்-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும். ஆகவே 240தான் கைக்கு வரும். 40 வாட் டிவி அதை 6 மணி நேரத்தில் முடித்துவிடும். 5 வாட் பல்புக்கோ அது 48 மணி நேரம் வரும்.

மழைக்காலத்தில் அந்த 48 மணி நேரத்தின் அருமை தெரியும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கண்ட மாவட்டம் இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மலையோடு கரண்டும் தொலைபேசியும் சேர்ந்தே சரிந்தன. மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும் இரவில், அதைக் கேட்க ஒரு போனாவது உயிரோடு இருக்க வேண்டும். கோபுரமும் செத்துவிட்டால் வானொலிதான் கதி.

செய்முறை எளிது. இரண்டு பற்றரிக்கும் தனித்தனி வயர், தனித்தனி பியூஸ். முதலாவது நிரம்பிவரும்போது மட்டும் இரண்டாவதை இணைக்கும் ரிலே ஒன்று. மழைநாளில் சூரியத் தகட்டை நம்பாமல், கரண்ட் இருக்கும்போதே நிரப்பிவிட வேண்டும். சும்மா இருக்கும்போது மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12க்கு இறங்கினால் உடனே ஏற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் அடுப்பங்கரையில் வைக்கவே கூடாது.

ஒரு பற்றரிக்கே வழியில்லாத குடும்பத்திடம் இரண்டு கேட்பது நியாயமில்லைதான். அதனால் இதை வீட்டின் தலையில் கட்டக் கூடாது. டிவிசனுக்கு ஒன்றாக, பிள்ளைக் காம்பராவிலோ மருந்துக் காம்பராவிலோ, பற்றரியும் வானொலியும் போன் ஏற்றும் பலகையும் அடுத்த மழைக்கு முன் வைக்கப்பட வேண்டும். தோட்ட நிர்வாகங்களும் பிரதேச சபைகளும் செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும். அதிலிருந்து டிவிக்கு வயர் இழுக்க மட்டும், யார் கேட்டாலும் விடக் கூடாது.