பெட்டியே இல்லாத ஊருக்கு டிஜிட்டல் வானொலியா? எப்.எம்.மில் கை வைக்காதே!

  

உர விலை, பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு வாங்கும் மாமூல் என்று நமக்குப் போராட ஆயிரம் இருக்கும்போது ரேடியோவுக்கு ஒரு துண்டறிக்கையா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மற்றதெல்லாம் நம் கண் முன்னால் பறிபோகிறது. இது சத்தமில்லாமல் போகும்.

2025 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் வானொலிகளுக்கு டிஜிட்டல் ஒலிபரப்பைக் கொண்டுவரச் சொல்லி மத்திய அரசுக்குப் பரிந்துரை கொடுத்திருக்கிறது. முதலில் 13 பெருநகரங்களில். தமிழ்நாட்டில் சென்னை மட்டும். கொஞ்ச காலம் எப்.எம்.மும் டிஜிட்டலும் சேர்ந்தே ஓடுமாம். பழைய முறையை என்றைக்கு நிறுத்துவது? அதைப் பின்னால் பார்த்துத் தீர்மானிக்கலாமாம். இந்தப் "பின்னால்" என்ற வார்த்தைதான் நம் வயிற்றைக் கலக்குகிறது. நம்மிடம் கேட்காமல் குறிக்கப்பட்ட நாள்கள் எத்தனையோ பார்த்துவிட்டோம்.

டிஜிட்டலில் நல்லதே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரே அலைவரிசையில் மூன்று நான்கு நிகழ்ச்சிகளை அனுப்பலாம். மின்சாரச் செலவு குறையும். கரகரப்பு இருக்காது. பெட்டியின் திரையில் எழுத்துகூட ஓடும். எல்லாம் சரி. கேட்பதற்கு யாரிடம் பெட்டி இருக்கிறது?

எப்.எம். பெட்டி சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு செல் போட்டால் வாரக்கணக்கில் பாடும். டிஜிட்டல் பெட்டி உள்ளுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர். விலை ஆயிரக்கணக்கில், பேட்டரியையும் அதிகமாகத் தின்னும். நம் சங்கக் கிளைகள் உள்ள எந்த ஊர்க் கடையிலும் அது தொங்கி நாம் பார்த்ததில்லை. ஆனால் காரில் இருக்கிறது! லட்சக்கணக்கான புதுக் கார்களில் டிஜிட்டல் ரேடியோவைப் பொருத்தியே விற்றிருக்கிறார்கள். கார் வைத்திருப்பவருக்குச் செய்தி, களை எடுக்கிறவளுக்கு மௌனம். இதுதான் வளர்ச்சியா?

ஆகாசவாணியின் அனுபவமே நமக்குச் சாட்சி. மத்திய அலையில் 30க்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை டிஜிட்டலுக்கு மாற்றி வருடக்கணக்காகிறது. மக்கள் பணம் போட்டுக் கட்டியது. ஒரே டிரான்ஸ்மிட்டரில் பழையதையும் புதியதையும் சேர்த்து ஏற்றினால் சக்தியை இரண்டுக்கும் பங்கு போட்டாக வேண்டும். யாரிடமும் இல்லாத பெட்டிக்கு ஒரு பங்கு, எல்லோரிடமும் இருக்கும் பெட்டிக்கு மிச்சம். வாய்க்காலை வெட்டிவிட்டு வயலைத் தேடுகிற கதை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. எப்.எம்.மில் சிக்னல் குறைந்தால் இரைச்சலோடாவது வரும். ஏரியலை நீட்டி, வரப்பில் ரெண்டு அடி தள்ளி நின்று காதைக் கொடுத்தால் சேதி புரிந்துவிடும். டிஜிட்டலில் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு அளவுக்குக் கீழே சிக்னல் இறங்கினால் விட்டு விட்டுக் கேட்கும், அடுத்தது ஊமை. மலை விளிம்பு வரைக்கும் சுகமாக நடந்து, அடுத்த அடியில் பாதாளம் என்கிற மாதிரி. நகரத்துக்காரன் டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறான், அவனுக்குப் பளிங்கு மாதிரிக் கேட்கும். கடைசியில் இருப்பது யார்? வாய்க்கால் தண்ணியிலும் கடைமடை நாம்தான், சிக்னலிலும் கடைமடை நாம்தான்.

2018 நவம்பர் 16, கஜா புயலை மறந்துவிட்டார்களா? வேதாரண்யம் பக்கம் தென்னை மொத்தமாகச் சாய்ந்தது. கம்பங்கள் முறிந்தன, செல்போன் டவர் செத்தது, பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த இருட்டில் சார்ஜ் கேட்காமல் பேசியது செல் போட்ட ரேடியோ ஒன்றுதான். மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே 2023இல் செல்போன் கம்பெனிகளுக்கு, எப்.எம். வசதியை அடைத்து வைக்காதீர்கள், பேரிடரில் அது உயிர் காக்கும் என்று அறிவுறுத்தியது. அதே அரசின் இன்னொரு கை டிஜிட்டலுக்குப் பந்தல் போடுகிறது.

வானொலி நமக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைத் தஞ்சை விவசாயிக்குக் கொண்டு சேர்த்தது திருச்சி வானொலி. ஜனங்கள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பேர் வைத்தார்கள். கொடைக்கானலின் 100.5, காரைக்காலின் 100.3 என்ற எண்களைக் கேட்டால் பள்ளிக்கூடம் போகாத கிழவரும் சொல்வார். தனியார் எப்.எம்.மில் நாள் முழுக்க சினிமாப் பாட்டும் அரட்டையும், போகட்டும். புகையான் தாக்குதலைப் பற்றி அவர்களா பேசப் போகிறார்கள்?

வெளிநாட்டைப் பார் என்பார்கள். பார்ப்போம். பணக்கார நார்வே 2017இல் தேசிய எப்.எம்.மை மூடியது. வீட்டிலும் காரிலும் இருந்த பழைய பெட்டிகளுக்கு மாற்று வாங்கும் செலவு ஜனங்கள் தலையில் விழுந்தது. சுவிட்சர்லாந்தின் பொதுத்துறை வானொலி 2024 டிசம்பர் 31இல் எப்.எம்.மை நிறுத்தியது. நேயர்கள் கணிசமாகக் குறைந்தார்கள், எப்.எம்.மில் மிச்சமிருந்த வேறு நிலையங்களுக்குப் போனார்கள். ஹாங்காங் டிஜிட்டல் வானொலியைத் தொடங்கிப் பார்த்து 2017இல் இழுத்தே மூடிவிட்டது. அங்கெல்லாம் கதை இப்படி. இங்கே ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு அடகுக்கடை வாசலில் நிற்கிறவனைப் புதுப் பெட்டி வாங்கச் சொல்வீங்களா?

மத்திய அரசே! ஊர்க் கடையில் எப்.எம். பெட்டி விலைக்கு டிஜிட்டல் பெட்டி வரும்வரை எப்.எம்.மையோ மத்திய அலையையோ நிறுத்தும் நாளைக் குறிக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடு. பழைய ஒலிபரப்பின் சக்தியைக் குறைக்காதே. டிஜிட்டலுக்குக் கொட்டும் பணத்தில் சிக்னல் எட்டாத கடைமடை ஊர்களுக்கு எப்.எம். டிரான்ஸ்மிட்டர் வை. திருச்சி, காரைக்கால் நிலையங்களின் விவசாய நிகழ்ச்சி நேரத்தை வெட்டாதே.

இந்தக் கோரிக்கைகள் அடங்கிய மனு ஒவ்வொரு கிளைச் செயலாளரிடமும் இருக்கிறது. கையெழுத்தோ கைநாட்டோ போடுங்கள். வீட்டில் ரேடியோ கேட்கிற பெண்கள் பெயரையும் கட்டாயம் சேருங்கள், வீட்டுக்கு ஒரு ஆம்பளைக் கையெழுத்து போதும் என்று விட்டுவிடாதீர்கள். நடவு முடிவதற்குள் எல்லாக் கிளை மனுக்களும் ஒன்றியச் சங்கத்துக்கு வந்து சேர வேண்டும்.