ஸ்கிரீனை மாத்தச் சொல்றாங்களா? முதல்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க!

காலை 10 மணி மீட்டிங். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு ஆபீஸ். சத்தத்தைக் குறைக்க ஒரு கீயை அழுத்தினால், ஸ்கிரீனின் கீழே அந்தச் சின்ன வால்யூம் பட்டை வருகிறது. வந்தது வந்ததுதான், போக மாட்டேன் என்கிறது. பிரசன்டேஷன் ஓடிக்கொண்டிருக்க, எல்லா ஸ்லைடுக்கும் மேலே அதுபாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வேறு கதை. நேற்று வரை இருந்த பிரைட்னஸ் ஸ்லைடரையே காணோம். பூந்தமல்லியிலிருந்து வொர்க் ஃப்ரம் ஹோம் பார்க்கும் இன்னொருத்தருக்கு வைஃபை, புளூடூத் பட்டன்கள் இருக்கும் கட்டம் திறந்தால் கறுப்பாக மினுங்குகிறது.

மூன்று பேருக்கும் அடுத்து கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான். "டிஸ்ப்ளே போச்சு. கடையில காட்டு." சனிக்கிழமை லோக்கல் ட்ரெயினைப் பிடித்து சென்ட்ரல் போய், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் போனால், "பேனல் மாத்தணும் சார், டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று கேட்க வாய்ப்பு அதிகம். கையில் இருந்த சில ஆயிரங்கள் காலி. பேனல் புதுசு, ஆனால் வால்யூம் பட்டை பழையபடி அங்கேயே நிற்கும். ஏனென்றால் கோளாறு பேனலில் இல்லவே இல்லை.

எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுபவர் என்பதல்ல விஷயம். பலர் நல்ல மெக்கானிக்குகள். ஆனால் ஸ்கிரீனில் தெரியும் கோளாறு எல்லாம் ஸ்கிரீனின் கோளாறு என்று பேசுவது ஒரு கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. பத்து விநாடியில் செய்யக்கூடிய ஒரு டெஸ்ட்டைக் கூட செய்யாமல் பேனல் மாற்றச் சொல்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்கக் கூடாது.

அந்தப் பட்டையை வரைவது யார்?

பிரைட்னஸ் கீயை அழுத்தும்போது நடப்பதை மெதுவாகப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். கீயை அழுத்தியதும் லேப்டாப்பின் உள்ளிருக்கும் ஃபர்ம்வேர் 'இந்த கீ அழுத்தப்பட்டது' என்று விண்டோஸுக்குத் தகவல் சொல்கிறது. ஸ்கிரீனுக்குப் பின்னால் எரியும் விளக்கைக் கூட்டிக் குறைப்பது கிராஃபிக்ஸ் டிரைவரின் வேலை. டிரைவர் என்பது வேறொன்றுமில்லை, கிராஃபிக்ஸ் சிப்புக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். கண்ணுக்குத் தெரியும் அந்தப் பட்டையை வரைவது விண்டோஸின் ஷெல். டாஸ்க்பாரையும் ஸ்டார்ட் மெனுவையும் காட்டும் அதே கூட்டம்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. நாலாவதாக ஒருத்தர் இருக்கிறார். லேப்டாப் தயாரித்த கம்பெனி தானும் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டு வைத்திருக்கும். மைக் மியூட், எஃப்என் லாக், கேப்ஸ் லாக், கீபோர்டு லைட் போன்றவற்றுக்கு ஸ்கிரீனில் ஐகான் காட்டுவது பெரும்பாலும் அதுதான். லெனோவோவுக்கு ஒன்று, ஹெச்பிக்கு ஒன்று, டெல்லுக்கு ஒன்று.

ஆக, ஒரு துளிப் பட்டைக்கு நாலு முதலாளிகள். விண்டோஸ் அப்டேட் வந்து ஷெல் மாறியிருக்கும், லேப்டாப் கம்பெனியின் புரோகிராம் பழையதாகவே இருக்கும். ஒரே கீக்கு இரண்டு ஐகான் வருவது, வந்த ஐகான் போகாமல் இருப்பது, ஐகான் வந்தும் வெளிச்சம் மாறாமல் இருப்பது இதெல்லாம் பெரும்பாலும் இந்த நாலு பேருக்குள் நடக்கும் பஞ்சாயத்து. பாவம், பேனல் இதில் வெறும் சாட்சி.

மைக்ரோசாப்டுக்கே இது நடந்திருக்கிறது. விண்டோஸ் 11 வெளியாவதற்கு முன்பு, 2021 செப்டம்பர் 2-ம் தேதி, அதைச் சோதித்துப் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர்களில் டாஸ்க்பாரும் ஸ்டார்ட் மெனுவும் திடீரென உறைந்து நின்றன. காரணம், சர்வரிலிருந்து வந்த டீம்ஸ் ஆப் பற்றிய ஒரு விளம்பரச் செய்தி! அதேபோல, விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பில் 2025 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு செட்டப் செய்யப்பட்ட கம்ப்யூட்டர்களில் ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார், செட்டிங்ஸ் எல்லாம் தகராறு செய்யலாம் என்று மைக்ரோசாப்டே தன் சப்போர்ட் பக்கத்தில் ஒப்புக்கொண்டது. குறிப்பாக, ஆபீஸில் மொத்தமாக செட்டப் செய்து கொடுக்கும் லேப்டாப்கள் இதில் மாட்டும். இதில் எதற்கும் பேனலை மாற்றி ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

பத்து விநாடி டெஸ்ட்

கோளாறு ஸ்கிரீனில் தெரியும்போதே விண்டோஸ் கீயையும் பிரின்ட் ஸ்கிரீன் கீயையும் சேர்த்து அழுத்துங்க. பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட் சேவ் ஆகியிருக்கும். அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, போனில் திறந்து பாருங்க.

போனிலும் அதே கோளாறு தெரிகிறதா? அப்படியானால் பேனல் மேல் குற்றமில்லை. ஸ்கிரீன்ஷாட் என்பது கண்ணாடியை போட்டோ எடுப்பதல்ல. கண்ணாடிக்குப் போவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் வரைந்து வைத்த படத்தின் நகல். நகலிலேயே தப்பு இருந்தால் தப்பு வரைந்தவருடையது. விண்டோஸ், டிரைவர், ஆப், அபூர்வமாக கிராஃபிக்ஸ் சிப்.

போனில் படம் சுத்தமாக இருக்கிறதா, லேப்டாப்பில் மட்டும் கோடும் மினுக்கும் தெரிகிறதா? அப்போது பேனல், அதற்குப் போகும் கேபிள், பின்விளக்கு மேல் சந்தேகப்படலாம். மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்க. கோணம் மாறும்போது கோளாறும் மாறினால் கேபிளாக இருக்கலாம். கேபிளுக்கு ஆகும் செலவு வேறு, பேனலுக்கு ஆகும் செலவு வேறு. இதைத் தெரிந்துகொண்டு கடைக்குள் நுழைவதும், தெரியாமல் நுழைவதும் ஒன்றல்ல.

மினுக்கு வேகமாக வந்து போவதால் ஸ்கிரீன்ஷாட்டில் சிக்கவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. மற்றதோடு சேர்ந்து டாஸ்க் மேனேஜரும் மினுங்கினால் டிரைவர் பிரச்னை. அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு ஆப் பிரச்னை. இது மைக்ரோசாப்டே சொல்லும் வழி. இன்னும் சந்தேகமா? ஆன் செய்யும்போதே எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸ் திரைக்குப் போங்க. அங்கே விண்டோஸும் இல்லை, விண்டோஸின் டிரைவரும் இல்லை. அங்கேயும் மினுங்கினால் ஹார்டுவேர் பக்கம்தான் பார்க்கணும்.

ஹார்டுவேர் கோளாறு கற்பனையும் அல்ல. 2016-ல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் மூடியைத் திறந்து மூட, திறந்து மூட பின்விளக்குக் கேபிள் தேய்ந்து, ஸ்கிரீனின் அடியில் நாடக மேடை விளக்கு போல வெளிச்சத் திட்டுகள் தெரிந்தன. 'ஃபிளெக்ஸ்கேட்' என்று பெயரே வைத்தார்கள். 2019 மே மாதம் ஆப்பிள் அந்த மாடலுக்கு இலவச ரிப்பேர் திட்டத்தை அறிவித்தது. அந்த லேப்டாப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படம் பளிச்சென்றுதான் வந்திருக்கும்.

ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

சாஃப்ட்வேர் என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் ஒன்றாக அழுத்தினால் ஸ்கிரீன் ஒரு நொடி கறுத்து, ஒரு பீப் சத்தத்தோடு திரும்பும். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திறந்திருக்கும் ஃபைல்கள் அப்படியே இருக்கும். பட்டை இன்னும் போகவில்லையா? டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மேல் ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்க. இந்த இரண்டுக்கும் அட்மின் பாஸ்வேர்டு தேவையில்லை என்பதால் ஆபீஸ் லேப்டாப்பிலும் பெரும்பாலும் செய்யலாம்.

பிரைட்னஸ் ஸ்லைடர் காணாமல் போனால் டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதைப் பிரித்துப் பாருங்க. இன்டெல், ஏஎம்டி என்று பெயர் வர வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் உண்மையான டிரைவர் இல்லை. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரைப் போடணும். யூடியூபில் சொல்லும் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்கள் பக்கமே போகாதீங்க. அப்டேட்டுக்குப் பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது என்றால், அதே இடத்தில் டிரைவரின் பிராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக்' இருக்கிறதா என்று பாருங்க.

பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. "நானும் பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகல" என்பார்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது சிஸ்டம் முழுசாக அணைவதில்லை. டிரைவர்கள் உட்பட உள்பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் அதையே எடுத்து விரிக்கிறது. குழம்பிப்போன டிரைவரும் குழப்பத்தோடு அப்படியே எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஷட்டவுனைவிட ரீஸ்டார்ட்தான் முழுசான அணைப்பு என்பது எந்த ஊர் நியாயமோ! ஆனால் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கரண்ட் போகும் நேரத்தில் ஸ்கிரீன் ஒரு நொடி கறுத்து, வெளிச்சம் குறைந்து திரும்பினால் பதற வேண்டாம். சார்ஜரிலிருந்து பேட்டரிக்கு மாறும்போது சில லேப்டாப்கள் ரெஃப்ரெஷ் ரேட்டைக் குறைத்துக்கொள்ளும். ஸ்கிரீனில் இருக்கும் படத்தைப் பொறுத்துத் தானாகவே வெளிச்சம் கூடிக் குறைவதும் கோளாறு அல்ல. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில், பிரைட்னஸுக்குக் கீழே அதை அணைக்கலாம்.

காக்களூரிலிருந்து பட்டாபிராம் வரை

இதெல்லாம் ஐடி ஊழியர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரிந்தவர்களுக்கு ஆபீஸில் ஒரு ஐடி டீம் இருக்கிறது. போனில் எடுத்த வீடியோ, ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் டிக்கெட்டோடு சேர்த்து அனுப்பினால் பாதி கேள்வி மிச்சம். உண்மையில் அடிபடுவது வீட்டின் முதல் லேப்டாப்பைக் கையில் வைத்திருப்பவர்கள்.

அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் அதே ரயில் பாதையில், திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கிறது காக்களூர். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், விலையில்லா மடிக்கணினி திட்டத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அங்கேதான் தொடங்கி வைத்தார். அதே பாதையில் ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. 2026 ஜனவரி 5-ல், 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கும் பணியை மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதல் கட்டமாக 10 லட்சம் பேருக்கு.

அந்த மாணவருக்கு பிரைட்னஸ் ஸ்லைடர் மறைந்தால் யாரிடம் கேட்பார்? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதில் பழக்கம் இருக்காது. கல்லூரி லேப் அசிஸ்டன்ட் பிஸி. தெருமுனைக் கடைதான் கதி. அந்தக் கடைக்காரர் "பேனல் போச்சு" என்றால், இலவசமாக வந்த லேப்டாப்புக்கு ஒரு மாதச் செமஸ்டர் செலவு போய்விடும். வாரன்டி இருக்கும்போதே வெளியில் பிரித்து, வாரன்டிக்கும் சிக்கல் வரலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த லேப்டாப்களுக்குள்ளேயே ஒரு நல்ல டெஸ்ட் இருக்கிறது. விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ். விண்டோஸில் கோளாறு, பாஸ் லினக்ஸில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரி என்றால் பேனலைத் தொடவே வேண்டாம். யாரும் திறந்தே பார்க்காத அந்த லினக்ஸ் இதற்காவது உதவட்டும்.

அரசு இதில் பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட் டெஸ்ட், ரீஸ்டார்ட், டிரைவர், வாரன்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற நாலு விஷயத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து, லேப்டாப் மூடியின் உள்ளே வைத்தால் போதும். ஒவ்வொரு கல்லூரியிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களே உட்கார்ந்து மற்றவர்களின் லேப்டாப்பைப் பார்க்கும் ஒரு மேசை போடலாம். லேப்டாப் கம்பெனிகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரிலேயே ரிப்பேர் உரிமைக்கென ஒரு போர்ட்டலைத் தொடங்கியது. பழுது பார்க்கும் தகவல் வாடிக்கையாளர் கைக்கு வர வேண்டும் என்பதுதான் நோக்கம். ஐகானை யார் வரைகிறார்கள் என்பதைக்கூட மேனுவலில் தமிழில் சொல்லாமல், அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது?

கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் மூன்று கேள்வி கேளுங்க. "வெளி மானிட்டர்ல போட்டுப் பார்த்தீங்களா? பயாஸ்ல எப்படி இருக்கு? பேனலா, கேபிளா?" ஹெச்டிஎம்ஐ வழியாக வேறு மானிட்டரிலும் அதே கோளாறு வந்தால் பேனல் மாற்ற வேண்டியதில்லை. பேனல்தான் என்று உறுதியானால் பில்லில் பார்ட் நம்பர், வாரன்டி மாதம் இரண்டையும் எழுதி வாங்குங்க. கழற்றிய பழைய பேனலையும் கேட்டு வாங்குங்க. மாற்றிய பிறகும் அதே வால்யூம் பட்டை அதே இடத்தில் நின்றால், அந்த பில்லோடு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ஐக் கூப்பிடலாம். முதல்நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியோடு பத்திரமாக வைத்திருங்க.