மூன்று வயசுக்கு நாடகம் எதற்கு?

நம் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது சபரில் இருக்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்கச் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போய்வரும் என் வயதுக்காரர்கள் திரும்பி வந்ததும் ஒரு குறை சொல்வார்கள். "மூணு வயசுப் பிள்ளையை நாடகத்துக்குத் தூக்கிட்டுப் போறாங்க. டிக்கெட் காசுக்கு இங்கே ஒரு சிப்பம் அரிசி வாங்கிடலாம். அதுக்கு என்ன புரியப்போவுது?"

நன்றாகவே புரியும், கூட்டிப் போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

அங்கே சிறுபிள்ளைகளுக்காக நடப்பவற்றில் பல, படப் புத்தகத்தை வைத்து ஆடிப்பாடும் நாடகங்கள். 'க்ரஃபலோ' என்ற புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலியா டொனால்ட்சன் எழுதி, ஆக்ஸல் ஷெஃப்லர் படம் வரைந்து 1999இல் வந்தது. காட்டில் போகும் ஒரு சுண்டெலி, தன்னைத் தின்ன வரும் நரி, ஆந்தை, பாம்பு மூன்றையும், இல்லாத ஒரு பூதத்தின் பேரைச் சொல்லி விரட்டுகிறது. கடைசியில் அந்தப் பூதமே எதிரில் வந்து நிற்கிறது. அதையும் புத்தியால் ஓட்டிவிடுகிறது. புலியை ஏமாற்றிய ஒரு சிறுமியின் சீனக் கதைதான் இதற்கு வித்து என்பார்கள். சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயலின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமே இல்லை. 2001இல் லண்டனைச் சேர்ந்த டால் ஸ்டோரீஸ் குழு இதை மேடையேற்றியது. நடிப்பவர்கள் மூன்றே பேர். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

என் பேரனுக்கு அப்போது ஐந்து வயது, பேத்திக்கு மூன்று. நாடகத்துக்கு முன் பத்து நாள் தினமும் ராத்திரி இந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டும் வேலை எனக்கு. படங்களைக் காட்டித் தமிழில் சொன்னேன். ஒரு வரி மாற்றிச் சொன்னாலும் பேத்தி விடமாட்டாள். "தாத்தா, இப்ப ஆந்தை வரணும்" என்பாள்.

அரங்கில் நரி வந்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பூதம் வந்தபோது மட்டும் என் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். முன் வரிசையில் இருந்தவர் திரும்பி முறைத்தார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றேன். பாட்டு ஆரம்பித்ததும் அழுகையை நிறுத்தினாள். "தாத்தா, எலி பயப்படாது" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

என்ன புரியும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் சாட்சி. முடிவு தெரிந்திருந்ததால்தான் அவளால் பயத்தைத் தாங்க முடிந்தது. குழந்தை புதுக் கதை கேட்க அங்கே போவதில்லை. தெரிந்த கதை எழுந்து நடப்பதைப் பார்க்கப் போகிறது.

நாமும் அப்படிப் பார்த்தவர்கள்தானே? மாரியம்மன் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திராவும் பார்க்கப் போனபோது கதை தெரியாமலா போனோம்? அரிச்சந்திரனுக்குக் கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தும் மயானக் காட்சியில் நம் அம்மாக்கள் அழுதார்கள். பாயில் நாம் பாதி தூங்கினோம், பபூன் வந்தபோது எழுந்தோம். நடுவில் அழுத பிள்ளையை யாரும் முறைத்ததில்லை. "பசிக்குது போல, பால் குடு" என்பார்கள். இப்போது வெளிநாட்டு அரங்குகளிலும் சில காட்சிகளில் விளக்கை முழுக்க அணைக்காமல், பிள்ளைகள் எழுந்து போகவும் வரவும் சத்தம் போடவும் விடுகிறார்கள். நமக்கு அது பழைய பழக்கம்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். புத்தகத்தை முன்பே பலமுறை படித்துக் காட்டுங்கள். நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேளுங்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டு முடித்த நேரத்துக் காட்சிக்குப் போங்கள். செல்போனில் படம் பிடிக்க வேண்டாம். பிள்ளை அடிக்கடி மேடையை விட்டு உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். முடிந்து வரும்போது "என்ன நீதி?" என்று பரீட்சை வைக்காதீர்கள். அழுதால் வெளியே தூக்கிப் போய் மறுபடி கொண்டுவாருங்கள். காசு வீண் என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

சபரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இங்கே உள்ள பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம். புதுச்சேரி வேலு சரவணன் 'கடல் பூதம்' போன்ற நாடகங்களைப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுகிறார். அவருக்கு வேண்டியது கொஞ்சம் வெறும் தரையும் உட்காரப் பிள்ளைகளும். நம் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் நாலு வயசுப் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டுவதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அதற்குப் பதில் ஒரு படப் புத்தகத்தை எடுக்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, பிரதம் புக்ஸ் எல்லாரும் தமிழில் போட்டிருக்கிறார்கள். பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் காசில்லாமலே படிக்கலாம். அட்டையில் நாலு முகமூடி, ஒரு டேப் அல்லது டோலக்கு, பாடத் தெரிந்த ஒரு டீச்சர் போதும்.

பெயரிலேயே கூத்தை வைத்திருக்கும் ஊர் நம்முடையது. லெட்சுமாங்குடியிலிருந்து கூத்தாநல்லூர் வரை எத்தனையோ ஓய்வு பெற்றவர்கள் சாயங்காலம் சும்மா இருக்கிறோம். கதை படித்துக் காட்டும் வேலையை நாம் ஏற்றுக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் தலைமை ஆசிரியர்களைப் பார்க்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் சொல்லுங்கள்.