பூத்துக்குள்ள ஒரு நாள்!

எலெக்‌ஷன் அன்னிக்கு என்ன ப்ளான்? லீவு, தூக்கம், சாயங்காலம் மை வெச்ச விரலோட ஒரு போட்டோ... அதானே? பெரம்பலூர், அரியலூர் பக்கம் படிக்கிற உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்றேன், கேளுங்க.

2019 நாடாளுமன்றத் தேர்தல்ல சிதம்பரம் தொகுதியில தொல்.திருமாவளவன் ஜெயிச்சது வெறும் 3,219 ஓட்டு வித்தியாசத்துல. நம்ம அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் மூணுமே அந்தத் தொகுதியிலதான் வருது. மொத்தத் தொகுதியிலயும் ஆயிரத்துக்கும் மேல வாக்குச்சாவடி. வகுத்துப் பாருங்க... ஒரு பூத்துக்கு மூணு ஓட்டு தேறுனா பெரிய விஷயம்!

சரி, அந்த மூணு ஓட்டை யார் பார்த்துக்குறது? இலங்கையில ‘பஃப்ரல்’ மாதிரி அமைப்புகள் சாதாரண மக்களைத் தொண்டர்களாச் சேர்த்து, தேர்தல் கண்காணிப்புக்கு அனுப்புறாங்க. நம்ம நாட்டுல அந்த வழி இல்லை. இங்கே பார்வையாளர்னா ஆணையம் அனுப்புற அதிகாரிகள்தான். மைக்ரோ அப்சர்வரா வர்றவங்களும் மத்திய அரசு ஊழியர்கள். 2011 சட்டமன்றத் தேர்தல்ல மாணவர்களை லேப்டாப்போட உட்கார வெச்சு, வாக்குப்பதிவை நேரடியா ஒளிபரப்பினாங்க. என்.எஸ்.எஸ்.ல இருந்தா, வீல்சேர் தள்ளுற வேலை கிடைக்கும். சாதாரணமா நினைக்காதீங்க, அதுவும் பூத் வாசல்தான்.

உள்ளே உட்காரணும்னா பூத் ஏஜென்ட். ‘ஐயய்யோ, கட்சிக்காரன்னு முத்திரை குத்திடுவாங்களே’ன்னு யோசிக்கிறீங்களா? குத்துவாங்கதான். ஏஜென்ட் நடுநிலையான ஆள் கிடையாது. ஆனா எதிரெதிர் ஆளுங்க பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து ஒரே மெஷினை முறைக்கிறதுதான் இந்த ஏற்பாட்டோட அழகே!

காலையில ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவுன்னா, அஞ்சரைக்கே ஆஜர். குறைஞ்சது 50 ஓட்டு போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துவாங்க. கொட்டாவி விடாம பாருங்க பாஸ்! அந்த ஓட்டை அழிச்சாங்களா, விவிபாட் பெட்டியில விழுந்த சீட்டை எடுத்தாங்களா, அப்புறம்தான் சீல் வெச்சாங்களா... கோட்டை விடுற இடம் இதுதான். ஆள்மாறாட்டம்னு சந்தேகம் வந்தா 2 ரூபா கட்டி ஆட்சேபிக்கலாம். உங்க பேர்ல வேற யாரோ குத்திட்டாங்களா? ‘சர்கார்’ படத்துல பார்த்த 49-பி உண்மையிலேயே இருக்கு. வாக்குச்சீட்டு கேட்டு வாங்குங்க.

ஆனா பூத்துக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரு தெரியாது. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள்லயே அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில தலித் மக்களோட வீடுகளை அடிச்சு நொறுக்கினாங்க. ஓட்டு போடக் கிளம்புறவரோட பயம் எந்தப் படிவத்துலயும் பதிவாகாது. வெளியே நிக்கிற வீல்சேர் தொண்டருக்குத்தான் அது முதல்ல கண்ணுல படும். அவர் கையில போனும் அதுல ‘சி-விஜில்’ ஆப்பும் இருந்தா போட்டோவோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். 100 நிமிஷத்துக்குள்ள நடவடிக்கைங்கிறது ஆணையத்தோட கணக்கு.

உள்ளே இருக்கிற ஏஜென்ட்டுக்குக் கடைசியா ஒரு வேலை. ஆறு மணிக்கு மெஷினை மூடினதும் எல்லாரும் டீக்குப் பறப்பாங்க. நீங்க நகராதீங்க. படிவம் 17-சி, அதாவது மொத்தம் எத்தனை ஓட்டு பதிவாச்சுங்கிற கணக்கு, கையெழுத்தோட ஒரு காப்பி உங்களுக்குத் தரணும்ங்கிறது விதி. வாங்கிப் பத்திரமா கட்சி ஆபீஸ்ல சேர்த்துடுங்க. எண்ணிக்கை அன்னிக்கு உங்க பூத்தோட மெஷின் மேஜைக்கு வரும்போது, அங்கே உட்கார்ந்திருக்கிற உங்க ஆள் அந்தத் தாளைத்தான் தேடுவார்!