பரீட்சைப் பதற்றமும் அன்றாடப் பழக்கங்களும்



க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சை நெருங்கும்போது மாணவர் மத்தியில் விசித்திரமான போட்டியொன்று ஆரம்பமாகின்றது. “நேற்றிரவு இரண்டு மணி வரை படித்தேன்” என்பார் ஒருவர். “நான் மூன்று மணி வரை” என்பார் மற்றவர். ஒன்பதரை மணிக்கே உறங்கச் சென்ற மூன்றாமவர் குற்றம் செய்தவர்போலத் தலைகுனிந்து நிற்பார். இம்மூவருள் பரீட்சைக்குச் சரியான முறையில் ஆயத்தமாகின்றவர் அந்த மூன்றாமவரே என்பது எமது கருத்தாகும்.

பதற்றம் ஒரு நோயன்று. ஆபத்தை எதிர்கொள்ள உடல் தன்னை ஆயத்தப்படுத்தும்போது அதிரினலின் எனும் ஓமோன் சுரப்பதை நீங்கள் விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். இதயம் வேகமாகத் துடிப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் அதன் விளைவுகளே. ஓரளவு பதற்றம் நன்மையும் தரும். அதுவே நம்மைப் புத்தகத்தின் முன் அமரச் செய்கின்றது. அளவு மிஞ்சும்போதுதான் தெரிந்த விடையும் மறந்துபோகின்றது. 1908 ஆம் ஆண்டிலே யேர்க்ஸ், டொட்சன் ஆகிய அமெரிக்க உளவியலாளர் இருவர் எலிகளைக் கொண்டு செய்த ஆய்விலும், கடினமான செயலொன்றைக் கற்கும்போது மிகையான தூண்டல் கற்றலைக் குறைப்பது தெரியவந்தது.

அப்படியாயின் பதற்றத்தை அளவோடு வைத்திருப்பது எப்படி? பரீட்சை மண்டப வாசலில் நின்று அதனைச் செய்ய முடியாது. அதற்கு முந்திய மாதங்களின் அன்றாடப் பழக்கங்களே அதனைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது பழக்கம் உறக்கம். 13 முதல் 18 வயது வரையானோர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலங்கள் உறங்க வேண்டுமென அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016 இல் பரிந்துரைத்தது. பகலில் கற்றவற்றை மூளை நிலைப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் உறக்கத்திலேயே. உறக்கத்தைக் குறைத்துப் படிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். அத்தோடு உறக்கம் குறைந்த மனம் சிறிய தடையையும் பெரிய ஆபத்தாகக் காண்கின்றது.

“எங்கள் வீட்டில் ஓர் அறைதான். எல்லோரும் உறங்கிய பின்னர்தான் அமைதி கிடைக்கின்றது” என்று கூறும் மாணவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களது சிரமம் உண்மையானது. அவர்கள் இரவு எட்டரை மணிக்கே உறங்கி, அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து படிக்கலாம். அந்த நேரத்திலும் வீடு அமைதியாகவே இருக்கும். எட்டு மணித்தியால உறக்கமும் கிடைத்துவிடும். பெரும்பாலான வினாத்தாள்களுக்குக் காலையிலேயே விடையளிக்க வேண்டியிருப்பதால், மூளையும் அந்நேரத்துக்குப் பழகிக்கொள்ளும்.

இரண்டாவது, விழித்திருப்பதற்காக இரவில் அருந்தும் தேநீரும் கோப்பியும். இவற்றிலுள்ள கபீனில் பாதியளவு உடலிலிருந்து நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலங்கள் செல்லும். இரவு ஏழு மணிக்குக் குடித்த கோப்பி நள்ளிரவிலும் உங்களை விட்டபாடில்லை. மேலும், அது படபடப்பையும் கைநடுக்கத்தையும் ஏற்படுத்தலாம். மாணவரோ அதனைப் பரீட்சைப் பயமென எண்ணி மேலும் அஞ்சுவார். ஆகவே பிற்பகலுக்குப் பின் இவற்றைத் தவிர்ப்பது நன்று.

மூன்றாவது, உடலை அசைப்பது. பதினோராந் தரத்துக்கு வந்ததும் விளையாட்டுக்கு விடைகொடுத்துவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. ஆனால் 5 முதல் 17 வயது வரையானோருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடற்செயற்பாடு அவசியமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வகுப்புக்குச் சைக்கிளில் செல்வதும் மாலையில் பந்து விளையாடுவதும் வீண்பொழுது அல்ல.

நான்காவது, கைத்தொலைபேசி. “அந்தப் பாடம் முடித்துவிட்டாயா?” என நள்ளிரவில் வரும் ஒரு செய்தி போதும், உறக்கம் கலைய. இரவில் அதனைப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

ஐந்தாவது, பரீட்சையோடு பழகுவது. வாரமொரு முறையேனும் கடந்தகால வினாத்தாளொன்றுக்கு மணிக்கூட்டை வைத்து விடையெழுதுங்கள். பழகிய ஒன்றைக் கண்டு மனம் அவ்வளவாக அஞ்சுவதில்லை. மேலதிக வாசிப்பு நேரமான 10 நிமிடங்களையும் ஒத்திகை பாருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளிவிடுங்கள். சில முறை இவ்வாறு செய்தபின் வினாக்களைத் தெரிவுசெய்யுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இரவில் வெளிச்சம் எரிவதை வைத்துப் பிள்ளையின் முயற்சியை அளவிடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் பதற்றத்தையே வளர்க்கும்.

இத்தனைக்குப் பின்னரும் உண்ணவோ உறங்கவோ முடியாத நிலை நீடித்தால், அல்லது வாழ்க்கையே வெறுத்ததாகத் தோன்றினால், அதனை மறைக்காதீர்கள். பெற்றோரிடமோ பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமோ கூறுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கும் அழைக்கலாம். உதவி கேட்பது பலவீனமாகாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பர். ஒன்பது பாடங்களையும் தாங்கப்போவது உங்கள் உடலும் உள்ளமுமே. எல்லாப் பழக்கங்களையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இன்றிரவு நேரத்தோடு உறங்குவதிலிருந்து ஆரம்பியுங்கள்.