இல்லாத குரங்கும் இருக்கும் மனிதரும்

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, காத்தோங் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் ஆலயத்திற்குச் சற்றுத் தள்ளியுள்ள காப்பிக்கடை ஒன்றில் நண்பர் ஒருவருடன் அமர்ந்திருந்தோம். நண்பர் நன்கு கற்றவர். நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். நாள்தோறும் பத்திரிகை வாசிப்பவர். அவர் தமது கைப்பேசியை நம் முன்னே நீட்டி, "அண்ணே, இதைப் பாருங்கள். புக்கித் தீமாக் காட்டில் குரங்கு மனிதன் மறுபடியும் தென்பட்டிருக்கிறான்" என்றார். பார்த்தோம். இருட்டு, இருட்டில் ஒரு மரம், மரத்தின் அருகே இன்னும் சிறிது இருட்டு. அவ்வளவே.

"எங்கே தம்பி மனிதன்?" என்று கேட்டோம். "அந்தக் கறுப்புத்தான் அண்ணே" என்றார். நாம் நகைத்தோம். அவர் சற்றே மனம் சுளித்து, "எல்லாம் ஒரு வேடிக்கைதானே! நம்பினால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார்.

அன்பர்களே! அந்தக் கேள்விக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். நஷ்டம் உண்டு. அந்த நஷ்டத்தை அடைபவர் யார் என்பதையும் பெயர் சொல்லிக் காட்ட முடியும்.

முதலில் கதையை எடுத்துக்கொள்வோம். புக்கித் தீமாவில் இரண்டு காலால் நடக்கும், சாம்பல்நிற மயிர் அடர்ந்த உருவம் ஒன்று உலவுகிறதாம். அதன் உயரம் சொல்பவரைப் பொறுத்து மூன்றடியிலிருந்து ஆறடிவரை வளரும். அதனை முதன்முதல் கண்டது 1805ஆம் ஆண்டில் என்கிறார்கள். ராபிள்ஸ் இத்தீவில் வந்து இறங்கியதே 1819இல் அன்றோ? 1805இல் கண்டவர் யார்? அதனை ஆண்டு தவறாமல் குறித்து வைத்தவர் யார்? கேட்டால் மௌனம். பின்னர் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் போர்வீரர்கள் கண்டார்களாம். 2008இல் உள்ளூர்ப் பத்திரிகைகள் இக்கதையைப் புதுப்பித்தன. ஆக, இருநூறு ஆண்டுகளாக ஒரு பிராணி அம்மலையில் வாழ்ந்து வருகிறது. ஒரு பல்லையேனும், ஓர் எலும்பையேனும், ஒரு பிடி மயிரையேனும் அஃது இதுவரை உதிர்த்ததில்லை!

அம்மலைதான் எவ்வளவு பெரியது? உயரம் 163 மீட்டர். காப்புக்காடு ஏறக்குறைய 400 ஏக்கர். தோட்டத்து அன்பர்களுக்கு இக்கணக்கு நன்றாய் விளங்கும். 400 ஏக்கரில் ஒரு பசுமாடு தப்பி ஓடினால் மாலைக்குள் கங்காணி அதைக் கண்டுபிடித்துக் கட்டிவிடுவார். மேலும், தனி ஒரு பிராணி இருநூறு ஆண்டு உயிரோடிராது. தாயும் தகப்பனும் குட்டிகளுமாக ஒரு கூட்டமே தலைமுறை தலைமுறையாய் இருந்தால்தான் இனம் நிற்கும். 1854இல் வாலஸ் என்னும் ஆங்கில இயற்கையறிஞர் அப்பகுதியில் தங்கி, இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். நகத்தளவு வண்டும் தப்பாத அந்தக் கண்ணுக்கு ஆறடிப் பிராணி தப்பியதாம்! அக்காலத்தில் அங்கே புலியும் இருந்தது. புலியைப் பிடிக்கக் குழி வெட்டினார்கள். புலி செத்தால் தோலைக் கண்டார்கள். இருக்கும் விலங்கின் அடையாளம் அதுவே.

"அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடலாமா? விஞ்ஞானம் அறியாதது எவ்வளவோ உண்டே!" என்று சில அன்பர்கள் வாதிப்பர். இவ்வாதம் எள்ளி நகையாடத்தக்கதன்று. 2003இல் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், லியாங் புவா என்னும் குகையில், மூன்றரை அடி உயரமே கொண்ட பழைய மனித இனம் ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. 2017இல் சுமத்திராவின் தப்பானூலிக் காட்டிலுள்ள ஓராங் ஊத்தான் தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது. அதன் தொகை எண்ணூறுக்கும் குறைவு. பத்துமலைக் குகைகளிலும் பேராக்கிலுள்ள ஒரு குகையிலும் கிடைத்த பழம்பற்கள், ஒரு காலத்தில் மலாயாத் தீபகற்பத்திலும் ஓராங் ஊத்தான் வாழ்ந்ததென்பதை 2013இல் மெய்ப்பித்தன. தைப்பூசத்திற்கு நாம் படியேறும் அதே மலை! வியக்கத்தக்க செய்திகள் அல்லவா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவற்றில் எதுவும் "நான் கண்டேன்" என்ற சொல்லால் வந்ததன்று. எலும்பு வந்தது, பல் வந்தது, மண்டையோடு வந்தது. அவற்றைப் பலர் தொட்டுப் பார்த்தனர், அளந்தனர், மறுத்தனர், மீண்டும் அளந்தனர். இதற்கு நேர்மாறாக, இமயமலைப் பனிமனிதனுடையவை என்று மடங்களிலும் காட்சிசாலைகளிலும் வைத்துப் போற்றிய எலும்பு, தோல், மயிர் ஆகியவற்றுள் ஒன்பதை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டபோது, எட்டு கரடியுடையவை என்றும் ஒன்று நாயுடையது என்றும் தெரிந்தது. ஆகவே நாம் புதுமைக்குப் பகைவரல்லேம். சான்று கேட்கிறோம், அவ்வளவே.

அடுத்தது ஜோகூர்க் கதை. 2005ஆம் ஆண்டின் இறுதியில் கோத்தா திங்கிப் பக்கத்தில் மீன்குளம் வெட்டிய தொழிலாளர் மூவர், பெரிய மயிரடர்ந்த உருவங்களைக் கண்டதாகச் செய்தி பரவியது. காலடித் தடங்கள் காட்டப்பட்டன. 'மாவாஸ்' என்று அதற்குப் பெயரும் வழங்கியது. வடசுமத்திராவில் அச்சொல் ஓராங் ஊத்தானைக் குறிக்கும் வெறும் பெயர்தான் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தனர்? 2006இல் மாநில அரசாங்கமே தேடுவதற்கு ஏற்பாடு செய்தது. பிராணி அகப்படவில்லை. ஜோகூர்க் காடுகளில் வாழும் சிறு கரடியின் பின்னங்கால் ஈரமண்ணில் பதிந்தால் மனிதப் பாதம் போலவே தோன்றும். முன்னங்காலின் தடம் அதன்மேல் விழுந்தால் பாதம் நீளும். மழை பெய்து ஓரம் கரைந்தால் இன்னும் பெருகும். கரடி போய்விடும்; கதை நின்றுவிடும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். யாருக்கு என்ன நஷ்டம்?

2001ஆம் ஆண்டு மே மாதத்தில் டில்லியைக் கேளுங்கள். கடும் வெயில், மின்சாரம் அடிக்கடி நின்றது, ஏழைமக்கள் மொட்டைமாடிகளில் உறங்கினர். 'குரங்கு மனிதன்' இரவில் பாய்ந்து பிறாண்டுகிறான் என்ற வதந்தி காசியாபாத்தில் தொடங்கி டில்லிக்குள் பரவியது. போலீசார் அவனுக்குச் சித்திரம் எழுதி வெளியிட்டனர். பிடித்துக் கொடுப்பவர்க்குப் பரிசும் அறிவித்தனர். "வந்தான், வந்தான்" என்ற கூச்சலைக் கேட்டு அரைத்தூக்கத்தில் எழுந்தோடி, மாடியிலிருந்தும் படியிலிருந்தும் விழுந்து செத்தவர் உண்டு. அவருள் ஒருவர் கருவுற்ற பெண். நான்கடி உயரமே உள்ள ஊர்சுற்றிப் பண்டாரம் ஒருவரைக் குரங்கு மனிதன் என்று எண்ணிக் கும்பல் கூடி அடித்தது. இறுதியில் விசாரணை செய்தவர்கள் அப்படி ஒரு பிராணியே இல்லையென்று முடிவு கூறினர். இல்லாத பிராணி பிறாண்டவில்லை. இருந்த மனிதர் அடித்தனர், இருந்த மனிதர் மாண்டனர்.

இது நூற்றாண்டு கடந்த பழக்கம். 1883இல் இலண்டன் மாநகரில், நமது கீழ்த்திசையிலிருந்து கொண்டுபோகப்பட்ட கிராவோ என்னும் ஏழு வயதுச் சிறுமியைக் காட்சிக்கு வைத்தார்கள். உடலில் மயிர் மிகுதியாய் வளர்ந்திருந்ததே அவள் செய்த குற்றம். 'குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட பிறவி' என்று விளம்பரம் செய்து காசு வாங்கினர். அக்குழந்தை வளர்ந்து பல மொழிகள் பேசினாள்; 1926இல் இறக்கும்வரை காட்சிப்பொருளாகவே இருந்தாள். இடைப்பட்ட பிறவியைத் தேடிச் சென்றவர்களுக்கு அகப்பட்டது ஒரு சிறுமி. அந்தோ! எக்காலத்தும் அகப்படுவது அப்படிப்பட்டவர்தாம்.

சிலோன் ரோட்டில் அமர்ந்திருந்ததால் இலங்கைக் கதையும் நினைவுக்கு வந்தது. இலங்கையின் கீழ்ப்புறக் காடுகளில் 'நித்தாவோ' என்னும் குள்ளக் குரங்கு மனிதர் முன்னாளில் வாழ்ந்தனர் என்றும், அவர்களில் எஞ்சியவர்களை வேடர்கள் குகைக்குள் அடைத்துத் தீமூட்டி அழித்தனர் என்றும் ஒரு கதை உண்டு. அதை 1886இல் ஹியூ நெவில் என்னும் ஆங்கில உத்தியோகஸ்தர் எழுதினார். அவர்கள் எலும்பு இன்றுவரை கிடைத்ததில்லை. ஆனால் நித்தாவோவைத் தேடிய அதே காலத்தில் உயிரோடிருந்த வேடர்களையே மனிதப் படிகளில் கடைசிப் படி என்று வகுத்து, மண்டையை அளந்து நூல் எழுதினர் ஐரோப்பியப் பண்டிதர்கள். வலியவன் எளியவனுக்குச் சூட்டும் பட்டமே 'அரைமனிதன்' என்பது. அரைமனிதனைத் தேடப் புறப்படுகிறவன் வழியில் யாரையேனும் அரைமனிதனாக்கிவிடுகிறான். நம் பாட்டன்மாரைக் 'கூலி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவைத்த காலத்தை அறிந்த நமக்கு இது விளங்காமற் போமோ?

தோட்டத்து அன்பர்களே, உங்கள் கதை ஒன்றும் உண்டு. 1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், தென்பேராக்கில் துரோலாக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த சீனப்பெண் ஒருத்தி, மயிரடர்ந்த உருவம் தன் தோளைத் தொட்டதாகக் கூறினாள். சில நாட்களில் அத்தோட்டத்தில் தமிழ்ப்பெயர் கொண்ட தொழிலாளி ஒருவரும் மயிரடர்ந்த கைகள் தம்மைப் பற்றியதாகக் கூறினார். இச்செய்தி உலகப் பத்திரிகைகளில் ஏறியது. இன்றும் நூல்களில் இடம்பெறுகிறது.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மங்கிய வெளிச்சத்தில் காட்டோரம் தன்னந்தனியே மரம் வெட்டுபவர் எதையும் காணலாம், எதற்கும் அஞ்சலாம். 1948 முதல் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள்ளே துப்பாக்கி, காட்டுக்கு வெளியேயும் துப்பாக்கி. நடுவில் கத்தியும் வாளியுமாகத் தொழிலாளி. பாம்பு கடித்தால் வைத்தியசாலை தூரம், கூலி குறைவு, இரவில் ஊரடங்கு. இந்த அச்சங்களைக் கேட்டெழுத எந்த நிருபர் துரோலாக்குக்கு ஓடிவந்தார்? மயிரடர்ந்த கை தோளில் பட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தத் தோளின்மேல் ஏற்றிய பாரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இதுவே நாம் குறிப்பிடும் நஷ்டம்.

மனிதர் மட்டுமா? உண்மைக் குரங்கும் நஷ்டமடைகிறது. ராபிள்ஸ் பெயரால் வழங்கும் கரிய மந்தி ஒன்று உண்டு. தொடையில் வெண்பட்டை உடையது. சிங்கப்பூரில் கிடைத்ததைக் கொண்டு 1838இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டனர். 1986இல் புக்கித் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிளந்தது. மறு ஆண்டிலேயே, 1987இல், புக்கித் தீமாவில் எஞ்சியிருந்த கடைசி மந்தியை நாய்கள் கடித்துக் குதறிக் கொன்றன. நடுத்தீவின் நீர்ப்பிடிப்புக் காட்டில் பத்துப் பன்னிரண்டாய்க் குறைந்திருந்த அவ்வினம், சிலருடைய அக்கறையால் இப்போது அறுபதைக் கடந்திருக்கிறது. பிளந்த காட்டை இணைக்கச் சாலையின்மேல் 62 மீட்டர் நீளப் பசும்பாலம் 2013இல் கட்டி முடிக்கப்பட்டது. புக்கித் தீமாவின் உண்மைக் குரங்குக் கதை இதுவே. இதில் சாவும் உண்டு, குற்றமும் உண்டு, மீட்சியும் உண்டு. இருந்தும் நம் நண்பருக்கு இதில் ஒரு வரியும் தெரியாது. இருட்டில் உள்ள கறுப்பை மட்டும் தெரிந்திருந்தது.

காத்தோங்கில் தென்னந்தோப்புகள் இருந்த நாளில் தோப்புக்குத் தோப்பு ஒரு பேய் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோப்பு அழிந்தது, தெருவிளக்கு வந்தது, 1966 முதல் கடலையும் தூர்த்துப் பின்னுக்குத் தள்ளினார்கள். அந்தப் பேய்கள் எங்கே போயின? ஒருவரும் விரட்டவில்லை, வெளிச்சம் வந்ததும் தாமே விலகின. இத்தீவில் எஞ்சியிருக்கும் சிறிதளவு இருட்டு புக்கித் தீமாவில் இருப்பதால், குரங்கு மனிதன் அங்கே குடியேறியிருக்கிறான். நாளை அங்கும் விளக்கு வைத்தால் ஜோகூருக்குக் குடிபெயர்வான்.

ஆதலின் அன்பர்களே, அடுத்தமுறை ஒருவர் இப்படிப்பட்ட படத்தைக் காட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எலும்பு எங்கே? கண்டவர் அந்நேரத்தில் எந்த நிலையில் இருந்தார்? இக்கதை நம்பப்பட்டால் அடிபடப் போகிறவர் யார்? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை அதனை மற்றொருவருக்கு அனுப்பாதிருங்கள். பகுத்தறிவு என்பது பெரிய மேடைச்சொல் அன்று. விரலைச் சற்று நிறுத்திக்கொள்ளும் பழக்கமே.

காப்பி ஆறிப்போயிற்று. நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அந்த வெண்பட்டை மந்தியை எங்கே பார்க்கலாம் அண்ணே?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அவரை அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். காணக் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம். ஆனால் அஃது அங்கே இருக்கிறது.